எடை கூடக் கூட இளைக்கும் பர்ஸ்

அடுக்குமாடிக் கட்டடத்தில் லிப்ட்டுக்குள் ஏறினால் பட்டன்களுக்குப் பக்கத்தில் ஒரு தகடு இருக்கும்: 6 நபர்கள், 408 கிலோ. வகுத்துப் பாருங்கள், தலைக்கு 68 கிலோ. எட்டுப் பேர் லிப்ட் என்றால் 544, பதின்மூன்று பேர் என்றால் 884. எல்லாவற்றிலும் அதே 68தான். ஓவர்லோடு ஆனால் மணி அடிக்கும், கடைசியாக ஏறியவர் இறங்குவார், அத்தோடு முடிந்தது. நாற்காலி, செருப்பு, மெத்தை, பைக், பேண்ட் துணி எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு 'சராசரி ஆள்' கணக்கு உண்டு. ஆனால் அவற்றில் தகடும் கிடையாது, மணியும் அடிக்காது. பொருள் சீக்கிரம் போய்விடும். "இப்பல்லாம் எதுவும் தரமா வர்றதில்ல" என்று சொல்லிவிட்டு இன்னொன்று வாங்குவோம்.

இது ஏதோ நாலு பேர் பிரச்சினையும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு) 25 அல்லது அதற்கு மேல், அதாவது எடை அதிகம். பருமனால் வரும் செலவு என்றால் சர்க்கரை, மாரடைப்பு, மூட்டு மாற்று என்று ஆஸ்பத்திரி பில்லைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு ரசீது இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. ரசீது இல்லாமல் மாதா மாதம் கசிவதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. எடைக்கு ஏற்ற பொருளை முதலிலேயே கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கியவர் தப்பித்துக்கொள்கிறார். எல்லோரும் வாங்குவதையே வாங்கியவர் வருடா வருடம் கட்டுகிறார்.

துணிக்கடையில்

ரெடிமேடில் இரண்டு எக்ஸ்எல் தாண்டியதும் ஐம்பது, நூறு கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய நஷ்டம், தள்ளுபடி அலமாரியில் நம் அளவு இருக்காது. ஆடித் தள்ளுபடியில் குவிந்து கிடப்பதெல்லாம் 38ம் 40ம்தான். மூன்று எக்ஸ்எல் தேடுகிறவர் எப்போதும் முழு விலைதான் கொடுக்கிறார்.

தைத்துக்கொள்கிறவர்களுக்குச் செலவு துணியில் வருகிறது. 58 இன்ச் அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர் என்பது கடைக்காரர் கணக்கு. அந்த நீளத்தில் உடம்புப் பகுதி மேலே, இரண்டு கைகளும் கீழே பக்கத்தில் பக்கத்தில், கை வெட்டிய பிறகு ஓரத்தில் மிஞ்சுகிற துண்டில் காலர், ஷோல்டர், கஃப் என்று அடங்கிவிடும். மார்பு 46ஐத் தாண்டினால் கையின் அகலமும் கூடுகிறது. அந்த ஓரத்துண்டு சுருங்கிப்போய் ஷோல்டர் துண்டு அதில் விழாது. அதனால் 2 மீட்டர் வேண்டியிருக்கும். பேண்டுக்கும் இதே கதைதான். துணியை இரண்டாக மடித்தால் 29 இன்ச். ஒரு காலின் முன்பக்கமும் பின்பக்கமும் அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் 1.2 மீட்டர் போதும். சீட் அளவு, அதாவது பின்புறச் சுற்றளவு, 44, 46 ஆனால் இரண்டும் சேர்ந்து 29ஐ மீறும், ஒன்றைக் கீழே இறக்கித்தான் வெட்ட முடியும், ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும். பெட்டியில் வரும் சட்டை-பேண்ட் பிட் பெரும்பாலும் 1.6, 1.2 கணக்கில்தான் இருக்கும். கல்யாணத்தில் வைத்துக் கொடுத்த பிட் பலர் வீட்டு பீரோவில் அப்படியே கிடப்பதற்கு இதுதான் காரணம். வாங்குவதாக இருந்தால் தானிலிருந்து வெட்டி வாங்குங்கள். கடைக்காரரிடம் கேட்காமல் தையற்காரரிடம் மீட்டர் கேட்டுக்கொண்டு போங்கள்.

பேண்டின் ஆயுளைத் தீர்மானிப்பது உட்தொடை. நடக்கும்போது இரண்டு தொடையும் உரசி, கவட்டைக்குக் கீழே நாலு விரல் தள்ளி முதலில் நூல் மொட்டு மொட்டாக எழும், பிறகு வெளுக்கும், பிறகு கிழியும். பேண்டின் மற்ற இடமெல்லாம் புதிதாகவே இருக்கும். லைக்ரா கலந்த ஸ்ட்ரெச் ஜீன்ஸ் வசதியாக இருக்கிறது என்று வாங்குவார்கள், முதலில் போவதும் அதுதான். தேய்மானத்தில் பருத்தி நூல் அறுந்து மெலிந்த பிறகு மீள்நூல் மட்டும் இழுபட்டுக் கொண்டிருக்கும். தைக்கும்போதே கவட்டையிலிருந்து ஏழெட்டு இன்ச் வரை உள்பக்கம் ஒரு துண்டு வைத்துத் தைக்கச் சொன்னால் ஐம்பது ரூபாய் கூட ஆகலாம். 1,200 ரூபாய் பேண்ட் எட்டு மாதத்தில் போனால் மாதத்துக்கு 150 ரூபாய், அதே பேண்ட் இரண்டு வருடம் உழைத்தால் மாதத்துக்கு ஐம்பதுதான். ஆபீஸ் பேண்டுக்கு பாலியஸ்டர்-விஸ்கோஸ் கலப்பு சுத்தப் பருத்தியைவிட உரசலைத் தாங்கும். வியர்வை பிடிக்காதவர்கள் உள்ளே முழங்கால் வரை வரும் பருத்தி ஷார்ட்ஸ் போட்டுக்கொள்ளலாம். உரசல் ஷார்ட்ஸ் மேல் விழும், அதை மாற்றுவது மலிவு.

அந்த உரசலும் வியர்வையும் சேர்ந்து இன்னொரு செலவைக் கூட்டி வரும். தொடையிடுக்கில் படை. மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு கிரீம்" என்று கேட்டால் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த டியூப்பைத்தான் பெரும்பாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள். மூன்றாம் நாள் சிவப்பு அடங்கும், அரிப்பு நிற்கும். டியூப்பை நிறுத்திய வாரத்திலேயே வளையம் இன்னும் பெரிதாகத் திரும்பும், காரணம் ஸ்டீராய்டு அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சைக்கு இடம் விட்டிருக்கிறது. டியூப் டியூப்பாக வாங்கி வருடத்தை ஓட்டுகிறவர்கள் நிறைய. கடைசியில் தோல் மருத்துவரிடம் போகும்போது கிரீமோடு மாதக்கணக்கில் மாத்திரையும் தேவைப்படும் நிலைக்கு வந்திருக்கும். முதல் தடவையே அவரிடம் போவதுதான் மலிவு.

பெண்களுக்குப் புடவை ஒன்றுதான் அளவு பார்க்காத உடுப்பு. ஐந்தரை மீட்டரில் கொசுவம் ஒன்றிரண்டு குறையும், அவ்வளவே. செலவு ரவிக்கையில்தான். புடவையோடு வரும் பிட் 80 செ.மீ. மார்பளவு 38 வரை அதில் வந்துவிடும். 40க்கு மேல், அதுவும் முழங்கை வரை கை வேண்டும் என்றால், ஒரு மீட்டர் வேண்டும். இல்லாவிட்டால் அக்குளில் ஒட்டுப் போடுவார்கள், அல்லது பட்டுப் புடவையின் பிட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தனியாக ஒரு மீட்டர் வாங்கச் சொல்வார்கள். நெசவுக் கூட்டுறவுக் கடைகளிலும் பெரிய பட்டுக் கடைகளிலும் எடுக்கும்போதே ரவிக்கைப் பகுதி எவ்வளவு என்று அளந்து காட்டச் சொல்லலாம், அளந்து காட்டுவார்கள். ஆரி வேலை செய்த ரவிக்கையில் கவனம் தேவை. தையல் கூலியைப் போலப் பல மடங்கு வேலைக்குப் போகிறது, ஆனால் வேலைப்பாட்டைப் பக்கத் தையல் வரைக்கும் கொண்டுபோய்விட்டால் பிறகு பிரித்துவிட முடியாது. பக்கத் தையலுக்கு ஒன்றரை இன்ச் முன்னாலேயே பூவை நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே இரண்டு பக்கமும் ஒரு இன்ச் துணி விட்டு இரண்டு வரிசைத் தையல் போடச் சொல்லுங்கள். எடை கூடினாலும் குறைந்தாலும் அந்த ரவிக்கை பிழைக்கும்.

நகைக்கும் இந்தக் கணக்கு உண்டு, யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. வளையல் அளவு 2-4 என்றால் உள்விட்டம் இரண்டு இன்ச்சும் பதினாறில் நாலு பாகமும். 2-10 என்றால் இரண்டு இன்ச்சும் பதினாறில் பத்தும். அதாவது 2.25க்கும் 2.625க்கும் வித்தியாசம். அதே கனம், அதே டிசைன் என்றால் சுற்றளவு ஆறில் ஒரு பங்கு கூடுகிறது, தங்கமும் அதே அளவு கூடும். 8 கிராம் வளையல் 9.3 கிராம் ஆகிவிடும். தங்கம் கையில்தானே இருக்கிறது, அது சேமிப்பு என்று சொல்லலாம், சரி. ஆனால் சேதாரமும் ஜி.எஸ்.டி.யும் அந்த 1.3 கிராமுக்கும் சேர்த்துத்தான் போடுகிறார்கள், அது திரும்ப வராது. கடைக்காரர் சில சமயம் எடையைக் கூட்டாமல் தகட்டை மெலிதாக்கிக் கொடுப்பார். பெரிய வளையல் மெல்லிய தகட்டில் சீக்கிரம் நெளியும்.

வண்டியில்

எடை கூடினால் மைலேஜ் குறையும் என்பார்கள். குறையத்தான் செய்யும், ஆனால் நகர ஓட்டத்தில் அது பெரிய தொகை இல்லை. பணம் போவது பின் டயரிலும் ஷாக் அப்சார்பரிலும் செயின் செட்டிலும்.

டயரின் தாங்குதிறன் பிரச்சினை இல்லை. பக்கவாட்டில் 80/100-18 54பி என்று இருந்தால் அந்த 54க்கு அர்த்தம் 212 கிலோ. கோளாறு காற்றில்தான். செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தனியாக ஓட்ட ஒரு அளவும், பின்னால் ஆள் வைத்து ஓட்ட ஒரு அளவும் இருக்கும். 110 கிலோ உள்ளவர் தனியாகப் போனாலும் 'தனி ஆள்' அளவு அவருக்குப் போதாது. இரண்டாவது அளவையொட்டி வைக்க வேண்டும். குறைந்த காற்றில் ஓடும் டயரின் இரண்டு ஓரமும் முதலில் வழுக்கையாகும். நடுப்பகுதி நன்றாக இருக்கும்போதே மாற்ற வேண்டி வரும். உங்கள் பழைய டயரை ஒருமுறை பாருங்கள், ஓரம் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிக்கட்டு மாதிரி வெட்டிய வளையம் இருக்கும். சாதாரண 100 சி.சி. பைக்குகளில் பெரும்பாலும் ஐந்து படி. ஷோரூமிலிருந்து கீழ்ப் படியில்தான் வரும், வாங்கியவர் அதைத் தொடுவதே இல்லை. டூல் கிட்டில் இருக்கும் கொக்கிச் சாவியால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மூன்றாவது அல்லது நான்காவது படிக்குத் திருப்பினால் போதும். செலவு பூஜ்யம். திருப்பாவிட்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஷாக் அடி தட்டும், ஆயில் சீல் போகும், ராடில் எண்ணெய்ப் பசை தெரியும், ஜோடியாக மாற்றச் சொல்வார்கள். ஸ்கூட்டர்களில் பலவற்றுக்கு இந்தப் படி கிடையாது, அங்கே ஒன்றும் செய்வதற்கில்லை. 100 கிலோவுக்கு மேல் இருப்பவர் வண்டி எடுக்கும்போதே பின் ஷாக் படி மாற்ற முடியுமா என்று பார்த்து எடுப்பது நல்லது.

செயின் விஷயம் பல மெக்கானிக்குகளே கவனிக்காதது. சென்டர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, பளு இல்லாமல் செயினைச் சரிசெய்கிறார்கள். கனமான ஆள் உட்கார்ந்ததும் பின்சக்கரம் மேலே ஏறும், இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஸ்விங் ஆர்ம் அச்சும் ஒரே கோட்டுக்கு வரும் இடத்தில் செயின் இன்னும் இறுகும். ஸ்டாண்டில் சரியாக இருந்த செயின் ரோட்டில் நாண் போலத் துடிக்கும். ஸ்ப்ராக்கெட் பல்லும் கியர்பாக்ஸ் வெளி அச்சின் பேரிங்கும் அதனால் தேயும். மேனுவலில் 20 முதல் 30 மி.மீ. தளர்வு என்று இருந்தால் 30ஐயொட்டி வைக்கச் சொல்லுங்கள். பிறகு வண்டியில் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரைச் செயினை நடுவில் விரலால் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்சமாவது ஆட வேண்டும்.

உட்கார, படுக்க, நடக்க

கல்யாண மண்டபத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்று போட்டு உட்கார்வது கேலிக்குரிய விஷயமே இல்லை, சரியான பொறியியல். ஒற்றை வார்ப்பு நாற்காலி நேராகப் பளு விழுந்து உடைவது குறைவு. டைல்ஸ் தரையில் பின்கால்கள் வெளிப்பக்கம் வழுக்கி அகலும், கால் சீட்டோடு சேரும் முனையில் விரிசல் விடும். வெயிலில் கிடந்த நாற்காலி இன்னும் மோசம், வெளுத்து மாவு படிந்தது போல இருந்தால் அதில் உட்காராதீர்கள். வீட்டுக்கு வாங்கும்போது கை வைத்த மாடல்தான் வாங்க வேண்டும், கைப்பிடி முன்காலையும் முதுகையும் சேர்த்துக் கட்டுவதால் கால் அவ்வளவு எளிதில் அகலாது.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களின் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஆறே மாதத்தில் மெல்ல மெல்லக் கீழே இறங்கத் தொடங்கினால், சீட்டை ஏற்றி இறக்கும் கேஸ் சிலிண்டரின் சீல் போய்விட்டது என்று பொருள். நாற்காலியையே மாற்ற வேண்டாம், சிலிண்டர் தனியாகக் கிடைக்கும். நாலாம் கிளாஸ் என்று கேட்டு வாங்குங்கள். அடியில் இருக்கும் ஐந்து கால் நட்சத்திரம் நைலானாக இருந்தால் அதையும் இரும்புக்கு மாற்றிவிடுவது நல்லது. அது உடைந்தால் நாற்காலியோடு போகாது, ஆளையும் தள்ளிவிடும்.

மெத்தையில் விளம்பரங்கள் சொல்லும் எலும்பு மருத்துவச் சமாச்சாரங்களை விடுங்கள். ஃபோம் டென்சிட்டி ஒன்றைத்தான் கேட்க வேண்டும். சாதாரணமாக விற்பது 32, அதாவது கன மீட்டருக்கு 32 கிலோ. 90 கிலோவுக்கு மேல் இருப்பவர் 40க்குக் குறையாமல் வாங்கினால்தான் இடுப்புப் பள்ளம் விழாமல் சில வருடம் ஓடும். மூன்று மாதத்துக்கொருமுறை தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போடுங்கள். வாரண்டி கேட்கப் போகும்போது, ஆள் படுக்காத மெத்தையில் நேரான கட்டையை வைத்து அடியில் உள்ள பள்ளத்தைத்தான் அளப்பார்கள், குறிப்பிட்ட ஆழத்துக்குக் குறைந்தால் வாரண்டி இல்லை. இலவம்பஞ்சு மெத்தைக்கு இந்தத் தொல்லை கிடையாது. அமுங்கினால் பிரித்து, பஞ்சை அடித்து, புது உறை போட்டு அதே மெத்தையாகத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கனமானவர்களுக்கு என் வாக்கு அதற்குத்தான்.

செருப்பில் நடக்கும் தவறு, அகலம் போதவில்லை என்று ஒரு சைஸ் நீளம் கூட்டி வாங்குவது. வார் இருக்க வேண்டிய இடம் மாறும், கால் முன்னே வழுக்கும், வார் பிய்யும். அகலமான அச்சில் வரும் மாடல்தான் தேட வேண்டும். அடியில் ஈ.வி.ஏ. ஃபோம் இருந்தால் இலேசாக இருக்கும், ஆனால் குதிகால் பக்கம் அமுங்கியது திரும்ப எழும்பாது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், பழைய செருப்பில் குதிகால் கல் மாதிரி இருந்தால் மேலே பளபளப்பாக இருந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது. பி.யூ. (பாலியூரிதேன்) அடி கூடுதல் நாள் தாங்கும், ஆனால் போடாமல் பீரோவில் வைத்தால் சில வருடத்தில் பொடிப்பொடியாக உதிரும். இரண்டு ஜோடி வாங்கி ஒன்றைப் பத்திரப்படுத்தும் பழக்கம் அதற்கு ஆகாது. குதிகால் வலி வந்துவிட்டால் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு. சில நூறு ரூபாயில் கிடைக்கிறது, பிராண்டட் ஷூவின் உள்ளே வைக்கும் சிலிக்கான் பட்டையைவிட உருப்படியானது.

முழங்காலுக்கு மெடிக்கலில் வாங்கும் எலாஸ்டிக் நீ-கேப் சூடு தரும், தைரியம் தரும், எடையைத் தாங்காது. உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பளு நாலு கிலோ அளவுக்குக் குறைகிறது என்பது ஆய்வில் அளந்து சொன்ன கணக்கு. மூன்று மாதத்துக்கொரு நீ-கேப் வாங்குகிறவர் இதை யோசிக்கலாம்.

கரண்ட் பில் ஒரு வரியில்: உடம்பு பெருத்தவர்களுக்கு வெக்கை கூடத் தெரியும், ஏசி 20ல் ஓடும், ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம், அதோடு நம் ஊரில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப் படி ஒன்றின் மலிவு விகிதமும் சேர்ந்து கைவிட்டுப் போகும். ஃபேனை வேகமாக வைத்து ஏசியை 26ல் விடுங்கள்.

பி.பி. பார்க்கும் பட்டை

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

கையில் சுற்றிக் காற்றடிக்கும் பட்டைக்கு அளவு உண்டு. கிளினிக்குகளில் ஒரே ஒரு பட்டைதான் இருக்கும். சாதாரணப் பட்டை மேல்கைச் சுற்றளவு 32, 34 செ.மீ. வரைதான் சரி. அதற்கு மேல் இருக்கும் கையில் அதைச் சுற்றினால் உள்ளே இருக்கும் காற்றுப்பை கையை முழுதாகத் தழுவாது, இரத்தக் குழாயை அமுக்க அதிக அழுத்தம் தேவைப்படும், அந்த அதிகம்தான் திரையில் பி.பி.யாக வரும். 2023ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் தானியங்கிக் கருவியில் இதை அளந்தார்கள். பெரிய பட்டை வேண்டியவருக்குச் சாதாரணப் பட்டை போட்டபோது மேல் அளவு சராசரியாக 4.8 கூடியது. அதற்கும் பெரிய பட்டை வேண்டியவருக்கு 19.5 கூடியது. உண்மையில் 122 உள்ளவருக்கு 141 காட்டும். அவ்வளவுதான், அன்றிலிருந்து பி.பி. நோயாளி. மாத்திரை, ஈசிஜி, எக்கோ, மூன்று மாதத்துக்கொரு கன்சல்டேஷன், பிறகு இன்ஷூரன்ஸ் விண்ணப்பத்தில் 'ஆம்' என்று ஒரு டிக்.

செய்ய வேண்டியது எளிது. தையல் டேப்பை எடுத்துத் தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவே மேல்கையின் சுற்றளவை அளங்கள். 32க்கு மேல் இருந்தால் வீட்டுக் கருவிக்குப் பெரிய பட்டை வாங்குங்கள். 22 முதல் 42 செ.மீ. வரை பொருந்துகிற பட்டை தனியாகவும் விற்கிறார்கள். கருவி எந்தக் கம்பெனியோ அதே கம்பெனிப் பட்டைதான் வாங்க வேண்டும், மாற்றிப் போட்டால் கணக்கு தப்பும். கிளினிக்கில் "பெரிய கஃப் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தக் கூடாது. பெரிய பட்டையில் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதி, அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை உண்மையிலேயே வேண்டும் என்றால் அதற்கு மாதம் ஆயிரம் செலவழிக்கத் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் பி.பி., சர்க்கரை மாத்திரை இலவசம். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். வரிசையில் நிற்க மனமில்லாதவர்களுக்கு மலிவு விலையில் விற்கும் மக்கள் மருந்தகமும் 2025ல் திறந்த முதல்வர் மருந்தகமும் இருக்கின்றன.

இன்ஷூரன்ஸ்

விண்ணப்பத்தில் உயரமும் எடையும் கேட்பது சம்பிரதாயத்துக்கு அல்ல. அதிலிருந்து பி.எம்.ஐ. கணக்குப் போட்டு, குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் பிரீமியத்தின் மேல் 'லோடிங்' போடுகிறார்கள். 15,000 ரூபாய் பிரீமியத்துக்கு 20 சதவீத லோடிங் என்றால் 3,000 தான் என்று தோன்றும். வயது ஏறும்போது அடிப்படை பிரீமியம் ஏறும், சதவீதம் என்பதால் லோடிங்கும் கூடவே ஏறும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. எடுத்துவிட்டதால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

முதலில் உயரத்தைச் சரியாக அளங்கள். பலருக்குத் தங்கள் உயரம் தெரியாது, பத்தாம் வகுப்பில் அளந்ததைச் சொல்வார்கள். 90 கிலோவுக்கு 165 செ.மீ. என்றால் பி.எம்.ஐ. 33, 168 என்றால் 31.9. சுவரோடு குதிகால், பின்புறம், முதுகு ஒட்டி நின்று, தலைமேல் தட்டையான புத்தகத்தை வைத்துக் கோடு போட்டு அளக்க வேண்டும். எடையைக் குறைத்துச் சொல்லும் வேலை வேண்டவே வேண்டாம். ஆயுள் காப்பீட்டில் முதல் மூன்று வருடத்துக்குள் கிளைம் வந்தால் காப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 45ன்படி துருவித் துருவிப் பார்க்க முடியும். மருத்துவக் காப்பீட்டில் அந்தக் காலம் 60 மாதம், மோசடி என்று நிரூபித்தால் அதற்குப் பிறகும் மறுக்கலாம். சில ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து லட்சம் கிளைமைப் பணயம் வைப்பது இது.

எடை குறைந்தால் லோடிங்கைத் தானாக யாரும் எடுக்க மாட்டார்கள். புதுப்பிப்பதற்கு முன்பே புதிய எடை, சர்க்கரை, பி.பி. ரிப்போர்ட்டோடு எழுதிக் கேட்க வேண்டும். ஒப்புக்கொள்வார்களா என்பது கம்பெனியைப் பொறுத்தது, கேட்காமல் விட்டால் நிச்சயம் கிடைக்காது. வேலை செய்யும் இடத்தில் குழுக் காப்பீடு இருக்கிறதே என்று தனிப் பாலிசி எடுக்காமல் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குழுக் காப்பீட்டில் எடை கேட்பதில்லை, ஆனால் வேலை போனால் அதுவும் போகும். நாற்பத்தைந்து வயதில் 110 கிலோவோடு புதிதாக விண்ணப்பிப்பதைவிட, முப்பதில் 85 கிலோவாக இருக்கும்போதே சிறிய பாலிசி ஒன்றைத் தொடங்கிவிடுவது மலிவு. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலமும், இப்போது அதிகபட்சம் 36 மாதம், அதில் ஓடி முடிந்திருக்கும்.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பாலிசி பணம் தராது என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவான விலக்கிலேயே அதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: 18 வயது முடிந்திருக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரை வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 அல்லது அதற்கு மேல் என்றால் கூடவே இதயத் தசை நோய், இதயக் குழாய் அடைப்பு, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத சர்க்கரை ஆகியவற்றில் ஒன்று இருந்து, மற்ற வழிகள் பலிக்காமல் போயிருக்க வேண்டும். 165 செ.மீ. உயரத்துக்கு 35 என்பது 95.3 கிலோ, 40 என்பது 108.9 கிலோ. அழகுக்காக என்று ஒரு வார்த்தை டிஸ்சார்ஜ் சம்மரியில் நுழைந்தால் கிளைம் போச்சு.

வீணாகும் பணம்

சாப்பாட்டில் அதிகம் சாப்பிடுவதால் ஆகும் செலவு, நினைப்பதைவிடக் குறைவு. அரிசியும் மைதாவும் எண்ணெயும் மலிவான கலோரி. 'டயட்' என்ற சொல் ஒட்டியதும்தான் விலை ஏறுகிறது. டைஜஸ்டிவ் பிஸ்கட்டிலும் 100 கிராமுக்கு 450 கலோரிக்கு மேல், சாதாரண பிஸ்கட்டுக்குக் கிட்டத்தட்ட சமம். சிறுதானியம் நல்லது, நார் இருக்கிறது, ஆனால் வேகவைக்காத வரகிலும் அரிசியிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான், அரிசியைப் போல இரண்டு மடங்கு விலை கொடுத்து அதே அளவு சாப்பிட்டால் எடை ஏன் குறையும்? கொள்ளு, பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், முட்டை. இவற்றைவிட மலிவாகப் பசி அடக்கும் பொருள் எந்த டப்பாவிலும் வரவில்லை. இடுப்பில் கட்டும் வியர்வை பெல்ட் வெளியேற்றுவது தண்ணீர், இரண்டு டம்ளர் குடித்தால் திரும்பிவிடும்.

எடை பார்க்கும் இயந்திரம் வாங்கும்போது மேல் எல்லையைப் பாருங்கள். 130 கிலோ வரை மட்டும் காட்டுபவையும் விற்பனையில் உண்டு. 180 வரை காட்டுவதற்கு விலை கொஞ்சம்தான் கூட.

எடை குறையத் தொடங்கினால் அதற்கும் செலவு உண்டு. அவசரப்பட்டு உடனே துணி எடுக்காதீர்கள், இடையில் நிற்கும் அளவுக்கு வாங்கியது நாலு மாதத்தில் தொளதொளக்கும். முதலில் பெல்ட்டில் ஓட்டை போடுங்கள். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள், சோப்புக் கையில் நழுவிப் போனால் அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லை. பேண்டை இடுப்பில் இரண்டு இன்ச் வரை தாராளமாகப் பிடிக்கலாம், கூலி நூறு, நூற்றைம்பது. மூன்று இன்ச் என்றால் சீட்டும் தொடையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், கூலி கூடும். நாலு இன்ச்சைத் தாண்டினால் பின்பாக்கெட் இரண்டும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். அந்தப் பேண்டைத் தையற்காரரிடம் கொண்டுபோக வேண்டாம், புதிதாக 1.2 மீட்டர் துணி எடுங்கள்.